குடியானவர் கட்சியும் குமாரசாமி ராஜாவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைக் கல்லூரி மாணாக்கர்க்குப் பல ஆண்டுகள் போதித்து வந்தோம். உள்நாட்டு யுத்தத்தையும் லிங்கனையும் பற்றிப் பேசுங்கால் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காரும். அடிமைகள் விடுதலை பெற்றனர் என்று முடித்துவிட்டு, அதற்குப் பின் வந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் கதையை எடுத்தோமாயின், பின் வரிசைகளில் கொட்டாவி எழுவதைக் காணலாம். பருத்தி விலை, இருப்புப்பாதைக் கம்பெனிகளின் சரக்குக் கட்டணம், வட்டி விகிதம், பொன் நாணயமா வெள்ளி நாணயமா என்னும் வழக்கு ஆகிய இவை இருபது வயதினரின் உள்ளத்தைக் கவருவன அல்ல. நமக்கோ அச்சரித்திரம் முழுவதிலும் அப்பகுதியைப்போல் நெருக்கமானது வேறில்லை. அதில் வரும் கடன்பட்ட குடியானவனின் வீட்டை நாம் நன்கு அறிவோம். அத்தகைய வீடொன்றின் திண்ணையிலேதான் நாம் வளர்ந்தோம்.

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய ஏழு மைல் தூரம். மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் கண்மாய்ப் பாய்ச்சலுள்ள நெல்வயல்களும் உண்டு. கிழக்கே செல்லச் செல்ல நீர் அருகி, மண் கறுத்து, கரிசற்காடு தொடங்கும். எம் பாட்டனாரின் புஞ்சை அக்கரிசலின் விளிம்பில் இருந்தது. கம்பும் பருத்தியுமே அதன் விளைவு. பருத்தியை விற்க அவர் இராஜபாளையத்திற்குப் போவார். பத்திரம் பதியவும், வழக்காடவும், ஆடிப்பூரத் தேர் பார்க்கவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார். நல்லதற்கு ஓர் ஊர், பொல்லாததற்கு ஓர் ஊர் என்று அவர் சொல்வதுண்டு. எவ்வூர் நல்லது, எவ்வூர் பொல்லாதது என்பது அந்தந்த ஆண்டின் மழையைப் பொறுத்ததாயிருந்தது.

அக்கரிசலின் பருத்திக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1861 முதல் 1865 வரையில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபொழுது தென்னாட்டுத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. உடனே அவ்வாலைக்காரரின் பார்வை இந்தியாவின் மேல் விழுந்தது. ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்று அவர்கள் பெயரிட்டு வாங்கியது நம் கரிசலின் பருத்தியே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா ஏற்படும் வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. விலை வானளாவ உயர்ந்தது. யுத்தம் முடிந்ததும் விலை விழுந்தது. டெக்சாஸில் நடப்பது திருநெல்வேலியில் வயிற்றைத் தொடும் என்பதை நம் முன்னோர் சரித்திரப் புத்தகம் இன்றியே அறிந்தனர்.

யுத்தத்திற்குப் பின் டெக்சாஸ், ஜார்ஜியா முதலிய தென்னாட்டு இராஜ்யங்களில் குடியானவரின் நிலைமை எங்ஙனம் இருந்தது? கையில் ரொக்கம் இல்லை. விதை, கலப்பை, மாவு, துணி அனைத்தையும் ஊர்க்கடைக்காரர் கடனாகக் கொடுப்பார்; வரப்போகும் விளைச்சலே ஈடு. கடனுக்கு வாங்கும் சரக்கின் விலை வேறு, ரொக்கத்திற்கு வாங்கும் சரக்கின் விலை வேறு. பருத்தி பறித்த அன்றே அதைக் கடைக்காரரிடம் ஒப்புவிக்கவேண்டும். எல்லோரும் ஒரே காலத்தில் விற்பதால் அப்பொழுதுதான் விலை மிகவும் தாழ்ந்திருக்கும். கணக்குத் தீர்க்கும் நாளில் இன்னும் பாக்கி நிற்கும். அடுத்த ஆண்டின் விளைச்சலும் ஈடாகும். இதனை விளக்கியபொழுது ஒரு மாணாக்கன் எழுந்து, “ஐயா, இது எங்கள் ஊர்க் கமிஷன் கடைக் கணக்கு அல்லவா?” என்று கேட்டான். அன்று வகுப்பில் கொட்டாவி எழவில்லை.

இந்நிலையில் டெக்சாஸில் தோன்றியதே குடியானவர் சங்கம். அது ஊரூராகப் பரவி, சேர்ந்து வாங்குவதற்கும் சேர்ந்து விற்பதற்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளை நிறுவ முயன்றது. வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தமையால் அவற்றுட் பல முறிந்தன. 1889-இல் அச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிய சார்லஸ் மக்யூன் ஒரு யோசனையை வெளியிட்டார். சர்க்காரே கிடங்குகள் கட்டவேண்டும். குடியானவன் தன் விளைபொருளை அங்கே வைத்து, அதன் மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கு வரையில் நூற்றுக்கு ஒரு வட்டியில் முன்பணம் பெறவேண்டும். விலை ஏறும் காலத்தில் விற்றுக் கடனைத் தீர்க்கவேண்டும். அக்காலத்தில் இதனைப் பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகள் பரிகசித்தன.

பரிகாசம் கண்டு சங்கத்தார் ஓய்ந்தாரல்லர், கட்சி கட்டினர். 1892-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதியன்று நெப்ராஸ்காவிலுள்ள ஓமாகா நகரில் மக்கள் கட்சியின் மகாநாடு கூடித் தன் கோரிக்கைகளை வெளியிட்டது. வெள்ளி நாணயம் தடையின்றி அடிக்கப்படவேண்டும். வருமானம் ஏறுந்தோறும் ஏறும் வரி வேண்டும். தபாற் சேமிப்பு வங்கி வேண்டும். இருப்புப்பாதைகள் சர்க்காருடையவை ஆகவேண்டும். வாக்கு இரகசியமாக அளிக்கப்படவேண்டும். செனட் சபையினரை ஜனங்களே நேரில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. அவ்வாண்டுத் தேர்தலில் அக்கட்சியின் ஜேம்ஸ் வீவர் பத்து லக்ஷத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் தோற்றார். 1896-இல் ஜனநாயகக் கட்சி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியபொழுது மக்கள் கட்சியாரும் அவரையே ஆதரித்தனர். அவரும் தோற்றார். அத்துடன் கட்சி கரைந்தது. பிரையன் 1900-இலும் 1908-இலும் மீண்டும் நின்று மீண்டும் தோற்றவர். இடையே உலகப் பிரயாணம் செய்து இந்தியாவுக்கும் வந்தார். 1906-இல் இந்தியாவில் ஆங்கில ஆட்சியைக் கண்டித்து அவர் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

ஓமாகா மகாநாடு கூடிய அதே 1892-ஆம் வருஷத்தில் சென்னை சர்க்கார் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் உத்தியோகஸ்தரை ஒரு தனி அலுவலில் நியமித்தனர். ஐரோப்பாவில் விவசாய வங்கிகள் எங்ஙனம் நடைபெறுகின்றன என்று ஆராய்வதே அவ்வலுவல். அவர் ஜெர்மனியில் ரெய்பைசன் என்பவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரும் பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். கிராமந்தோறும் ஒரு ரெய்பைசனைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதே அவ்வறிக்கையின் சாரம். 1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே இம்மாகாணத்தில் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் கிராமச் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தோன்றின. ஜனங்கள் அவற்றை ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று அழைத்தனர். கூட்டுறவு என்னும் பெயர் நிலைத்தது பிற்பாடு.

அமெரிக்காவில் கடன்பட்டவன் தானே எழுந்து கேட்டான், சர்க்கார் மறுத்தனர். இங்கேயோ கடன்பட்டவன் கேட்பதற்கு முன்னரே சர்க்கார் ஓர் அறிக்கையுடன் வந்து நின்றனர். இரண்டாவதே மேன்மையானது என்று தோன்றக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கேளாது வந்த சங்கத்தைக் குடியானவன் ‘சர்க்கார் சங்கம்’ என்றே எண்ணினான். அதில் வாங்கிய கடனையும் கிஸ்தியைப்போல் பாவித்தான். தன்னுடைய பணம், தன் அண்டை வீட்டானுடைய பணம் என்னும் உணர்ச்சி வருவதற்கு ஒரு தலைமுறை சென்றது. நெப்ராஸ்காக் குடியானவனோ, தோற்றாலும், கேட்கக் கற்றுக்கொண்டான்.

இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1929-இல் எம் பாட்டனார் காளை வாங்கும் பொருட்டு 200 ரூபாய் கடன் வாங்கினார். கொடுத்தவர் அப்பக்கத்து லேவாதேவிக்காரர் ஒருவர்; வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மறு ஆண்டு உலகெங்கும் விலைகள் சரிந்தன; பருத்தி விலையும் பாதாளம் சென்றது. ஆண்டுக்கு 24 ரூபாய் வட்டியில் அவர் எட்டு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளின் வட்டியைத்தான் கட்ட முடிந்தது. அசல் அப்படியே நிற்க, 96 ரூபாய் வட்டி நிலுவையும் ஏறியது. வீட்டில் யார் தும்மினாலும் வாயிலில் கடன்காரர் நிற்கிறார் என்று நினைக்கும் காலம் அது என்று எம் பாட்டியார் கூறுவார்.

1937-இல் ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை பதவி ஏற்றது. மறு ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதியில் நின்ற வட்டி நிலுவை முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருப்பின் கடனே தீர்ந்தது. எம் பாட்டனாரின் 96 ரூபாய் ஒரே நாளில் மறைந்தது. அவர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று வடபத்ரசாயியைச் சேவித்துவிட்டு வந்தாராம்.

பாட்டியார் கோயிலுக்குப் போகவில்லை. ஐப்பசியில் விதைப்பு வந்தது. கடைவாயில் சென்று நின்ற பாட்டனாரை அந்த லேவாதேவிக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை. “சட்டம் கொடுக்கும், அங்கே போய் வாங்கும்” என்றாராம். அவர்மேலும் முழுக் குற்றம் சொல்வதற்கில்லை. தம் வட்டியைச் சர்க்கார் துடைத்தெறிந்த பிறகு எவர்தாம் கை நீட்டுவர்? பாட்டியார் தம் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிக்கு அனுப்பினார். விதையும் கூலியும் அதில் வந்தன. தளர்ந்து தொங்கும் வெறுங்காதுடன் அவர் மூன்று ஆண்டுகள் கலியாண வீடுகளுக்குச் சென்றார். நம் பக்கத்து முதிய பெண்டிர்க்கு அது எத்தகைய அவமானம் என்பதை இக்காலத்து மாணாக்கியர் அறியார்.

அதன் பிறகே எம் பாட்டனார் ஐக்கிய நாணய சங்கத்தில் பங்கு எடுத்தார். பாம்படம் 1941-இல் மீண்டது. கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பாட்டனார் ஆச்சாரியாரின் பெயரைச் சொல்லிக் கைகூப்புவார்; பாட்டியார் காதைத் தொட்டுக் காட்டுவார். சட்டம் கடனை அறுத்தது. கடன் கிடைக்கும் வாயிலையும் உடன் அறுத்தது. மக்யூன் சர்க்காரிடம் கிடங்கும் முன்பணமும் கேட்டாரேயன்றிக் கடன் தள்ளுபடி மட்டும் கேட்கவில்லை என்பதை நாம் வகுப்பில் எடுத்துரைக்கும்போது, மேலைநாட்டு நூலாசிரியர் எவரையும் நினைப்பதில்லை. அந்தக் காதையே நினைப்போம்.

அந்நாட்களில் இராஜபாளையம் ஒரு சீர்திருத்த ஊராகப் பெயர் பெற்றிருந்தது. கதர் நூற்பிலும் நெசவிலும் அவ்வூரார் ஊக்கம் மிக்கவர். காந்தியடிகள் 1927-இல் கதருக்காகவும், 1934-இல் தீண்டாமை ஒழிப்புக்காகவும் அங்கே வந்தார். அந்த 1927-ஆம் வருஷத்திலேயே விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதையும் திறக்கப்பட்டு, இரண்டு ஊர்களையும் தொட்டுச் சென்றது. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூலாலையை நிறுவினார். கரிசற்பருத்தி வெளியூர் போகாமல் உள்ளூரிலேயே நூலாகும் வழி பிறந்தது. இவற்றுக்கெல்லாம் நடுவே வளர்ந்தவர் பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. 1898-இல் பிறந்தவர், தாய் தந்தையரைச் சிறு குழந்தையாயிருக்கும்போதே இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். பஞ்சாயத்திலும் ஐக்கிய நாணய சங்கங்களிலும் உழைத்துப் பொதுவாழ்வில் ஏறியவர். மேடையில் முழங்கும் பேச்சாளர் அல்லர் என்பர் அவரைக் கேட்டவர்கள்.

அச்சீர்திருத்தங்களின் ஒளி எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் விழுந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். அமெரிக்காவிலும் அவ்வாறே. தென்னாட்டுக் குடியானவர் சங்கம் வெள்ளையரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. கறுப்புக் குடியானவர் 1886-இல் தமக்கெனத் தனிச்சங்கம் அமைக்க நேர்ந்தது. ஜார்ஜியாவின் டாம் வாட்சன் தொடக்கத்தில், உங்கள் இருவரையும் பிரித்து வைத்துக் கொள்ளையடிக்கிறார்கள் என்று இரு நிறத்தாரையும் ஒரே மேடையிலிருந்து அழைத்தவர். தோல்விகளுக்குப் பிறகு அவரே கறுப்பர்மேல் நஞ்சு கக்கும் எழுத்தாளரானார். மிஸ்ஸிஸிப்பி முதலான இராஜ்யங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தன. ஏழைகள் கட்சி என்று தோன்றியது, ஏழைகளுள் மிக ஏழையைக் கைவிட்டு முடிந்தது.

நம் பக்கத்திலே, கோயிலுக்குள் நுழைய முற்பட்டமையால் 1899-இல் சிவகாசியில் மூண்ட கலகத்தை முதியோர் நெடுங்காலம் பேசினர். 1939-ஆம் வருஷம் ஜூலையில் மதுரை மீனாக்ஷி கோயிலுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் அழைத்துச் சென்ற பிறகு ஒரு சட்டமும், 1947-இல் மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. ஆனால் ஐக்கிய நாணய சங்கத்தின் கடன் நிலத்தை நம்பியே கொடுக்கப்பட்டது. எம் ஊர்ச் சேரியில் நிலமுள்ளவர் எத்தனை பேர்? எம் பாட்டனாரின் புஞ்சையில் பருத்தி எடுத்த பெண்டிர் ஒருவரும் அச்சங்கத்தின் வாயிற்படியை மிதித்ததில்லை. அவர்கள் கடன் வாங்கியது எம் பாட்டியாரிடம். ஈடு அடுத்த ஆண்டின் கூலி. டெக்சாஸ் கடைக்காரரின் கணக்கை நாம் வகுப்பில் விளக்கும்போது இதையும் சேர்த்தே விளக்குவது வழக்கம்.

1949-ஆம் வருஷம் ஏப்ரலில் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-க்குப் பின் அப்பதவி முதல் மந்திரி என்றாயிற்று. அவர் ஏற்ற பாரம் இலேசானதன்று. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் நிறைவேறியிருந்தது. இராஜபாளையத்திற்குத் தெற்கேயுள்ள சேத்தூர், சிவகிரி முதலிய பழைய பாளையங்களின் குடிகள் நேரே சர்க்காருக்குத் தீர்வை செலுத்தும் நிலைக்கு வரவேண்டியிருந்தது. மதுவிலக்கு, 1937-இல் சேலத்தில் தொடங்கியது, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதிலும் பரவியிருந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை 1939-இல் விதித்த விற்பனை வரி நிரப்பவேண்டியிருந்தது. வகுப்புவாரி உத்தரவை 1950-இல் சென்னை ஹைகோர்ட்டும் 1951-இல் சுப்ரீம் கோர்ட்டும் செல்லாதென்று தீர்த்தன. நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தனிக்கட்டுரைக்கு உரியன. இவை யாவற்றிலும் பெரிய பாரம் சோறு.

மழை தொடர்ந்து பொய்த்தது. குடியானவரிடமிருந்து நெல்லைக் குறிப்பிட்ட விலைக்குச் சர்க்கார் கொள்முதல் செய்து, பங்கீட்டுக் கடைகளின் வழியே அளந்து கொடுத்தனர். நெல் உள்ளவனுக்கு அது கொள்ளை. நெல் இல்லாதவனுக்கு அது அரைவயிறு. அரிசி போதாதபோது வேறு தானியம் அளந்தனர். அவற்றுள் ஒன்று ‘மைலோ’ என்பது. செந்நிறமான சோளம், எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது, வெந்தாலும் தொண்டையில் இறங்காது என்பார் எம் பாட்டியார். வாசனை வேறு. அதைத் தின்று வளர்ந்த எம் தந்தையார் பிற்காலத்தில் சோளச் சோற்றைக் கண்டாலே எழுந்து போய்விடுவார்.

1952-ஆம் வருஷத் தொடக்கத்தில் தேர்தல் வந்தது. அதற்கு முன் வாக்குரிமை என்பது சொத்து, வரி, கல்வி உடையோரின் உரிமை. 1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்டிர்க்கும் வாக்குரிமை வந்ததென்றாலும், சொத்துள்ள பெண்டிர்க்கே வந்தது. இப்பொழுதோ இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொருவரும் வாக்காளர். பாட்டனாரும் பாட்டியாரும் புஞ்சையில் பருத்தி எடுத்த பெண்டிரும் ஒரே வரிசையில் நின்றனர். பாட்டனாருக்கு அது சிறிது கூச்சமாயிருந்ததாம். அக்காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி உண்டு; மறைவிடத்திற்குள் சென்று விரும்பிய பெட்டியில் சீட்டை இடவேண்டும். காங்கிரஸின் பெட்டியில் நுகம் பூட்டிய இரட்டைக்காளை.

வீடு திரும்பும் வழியில் பாட்டனார் கேட்டார்: “காளைப் பெட்டியில்தானே போட்டாய்?”

“ஆயுசு பூராவும் காளைக்கு வைக்கோல் போட்டாச்சு, சீட்டும் வேற போடணுமாக்கும்!” என்றார் பாட்டியார்.

பாட்டனார் நடு வழியில் நின்றுவிட்டார். நம் பக்கத்து மனிதர், நம் சங்கங்களில் உழைத்தவர், நம் ஊர்ப் பெயரை இராஜதானி முழுவதும் விளங்கச் செய்தவர், அவருக்கா போடவில்லை என்று கேட்டார். அதற்குப் பாட்டியார் கூறிய விடையை எம் குடும்பத்தில் அறியாதவர் இல்லை: “ராஜா நல்ல மனுசர்தான். மைலோ நல்லதில்லையே.”

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் குமாரசாமி ராஜா தோற்றார். ஒரு பெரிய மாகாணத்தின் முதல் மந்திரி தம் சொந்த மண்ணிலேயே தோற்றார். 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தன. மந்திரிகள் பலர் அவருடன் வீழ்ந்தனர். பாட்டனார் பல நாட்கள் பாட்டியாருடன் பேசவில்லை. நன்றி கெட்ட ஜனங்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து வருவோர் போவோரிடம் புலம்பினார். நன்றி கெட்டவர் வீட்டுக்குள்ளேயே இருந்ததை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இவ்வழக்கில் நாம் எவர் பக்கம்? இளமையில் பாட்டனார் பக்கமே இருந்தோம். சரித்திரம் படிக்கப் படிக்க மனம் பாட்டியார் பக்கம் சாய்ந்தது. பிரையனும் வீவரும் தோற்றார்கள். அவர்கள் கேட்டவை தோற்கவில்லை. தபாற் சேமிப்பு வங்கி 1910-இல் சட்டமாயிற்று. வருமான வரியும், செனட்டுக்கு நேர்த்தேர்தலும் 1913-இல் அரசியலமைப்பில் ஏறின. 1916-இல் விவசாயக் கடன் சட்டமும், கிடங்கில் வைத்த விளைபொருளின் இரசீதை ஈடாக்கும் சட்டமும் வந்தன. பரிகசித்த கட்சிகளே அவற்றை நிறைவேற்றின. இரகசிய வாக்கு அதற்கு முன்னரே இராஜ்யந்தோறும் பரவிற்று. அந்த இரகசிய வாக்கை, எண்ணற்ற குடியானவர் வேண்டிக் கிளர்ந்த அச்சிறு காகிதத்தை, முதன்முதலாகக் கையில் பெற்ற கரிசற்காட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தன் வயிற்றைச் சாட்சியாக வைத்து இட்டாள். ராஜாவின் தலைமுறை ஆண்டுகள் பல போராடியது வேறு எதற்காக? அவளுக்கு வாக்கைக் கொடுத்துவிட்டு அது இன்ன பெட்டியில்தான் விழவேண்டும் என்று எதிர்பார்ப்பது, கூலி கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கச் சொல்வதைப்போன்றதே.

ஆயினும் பாட்டனாரின் துயரத்தையும் நாம் தள்ளிவிடுவதற்கில்லை. மழை பொய்த்தது ராஜாவால் அன்று. அவர் தோற்ற பின் ஊரைச் சபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. 1954 முதல் 1956 வரையில் ஒரிஸ்ஸாவின் கவர்னராயிருந்தார். இராஜபாளையத்திலுள்ள தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்திற்கென ஊருக்கே கொடுத்தார். தம்மைத் தோற்கடித்த தொகுதிக்கு வீட்டைக் கொடுத்தவர் சரித்திரத்தில் எத்தனை பேர் என்று பாட்டனார் கேட்பார். அதற்குப் பாட்டியார் விடை சொன்னதில்லை. 1957-இல் ராஜா காலமான செய்தி வந்த அன்று அவர் அடுப்பு மூட்டவில்லை என்று எம் தந்தையார் கூறியதுண்டு.

மதுவிலக்கைப் பற்றி மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. அமெரிக்கர் 1920-இல் மதுவை விலக்கி 1933-இல் மீண்டும் திறந்தனர். இங்கே 1971-இல் கடைகள் திறக்கப்பட்டபொழுது பாட்டியார் உயிருடன் இருந்தார். இதற்குத் தனிப் பெட்டி வைத்தால் எங்கே போடவேண்டுமோ அங்கே போடுவேன் என்றார். அப்படி ஒரு பெட்டியை எவரும் வைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியை ஜனங்கள் முன் வைத்து நேரே வாக்குக் கேட்கும் முறையும் ஓமாகாவில் பேசப்பட்டதே. அமெரிக்க இராஜ்யங்கள் பலவற்றில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் நாட்டுக்கு அது இன்னும் வரவில்லை.

அந்த மைலோ எங்கிருந்து வந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஆராய்ந்தோம். 1951-இல் அமெரிக்கா இந்தியாவுக்குத் தானியம் வாங்க 19 கோடி டாலர் கடன் அளித்தது. கோதுமையுடன் மைலோவும் கப்பலேறியது. டெக்சாஸ், கான்சஸ் முதலிய மேட்டு நிலங்களில் அது விளைகிறது. மக்கள் கட்சி வேரூன்றிய நிலங்களும் அவைதாம். அக்கட்சிக்காரரின் பேரப்பிள்ளைகள், சர்க்கார் கிடங்கில் வைத்து முன்பணம் பெறும் உரிமையைத் தம் பாட்டன்மார் கேட்டபடியே பெற்று, விளைவித்து ஏற்றிய தானியம் அது. இதனைப் பாட்டியாரிடம் ஒரு நாள் மாலையில் விரிவாக எடுத்துரைத்தோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். “கடன் வாங்கித் தின்னதா அது?” என்று வினவினார். ஆம் என்றோம். “வட்டி எவ்வளவு?” என்றார்.